ஒரு ஏப்பம் வரட்டும்

வரும் வரும் என்று தொண்டைக்குழி வரைக்கும் வந்துவிட்டு, வரமாட்டேன் போ என்று திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிற ஒரு ஏப்பத்துக்காக ஆறடி ஆம்பளை ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பானா என்று கேட்டால், பூபதி நிற்பான். இதோ நிற்கிறான். அடுப்படியில் விளக்கைப் போடவில்லை, பின்வாசல் சன்னலில் விழுகிற தெருவிளக்கு வெளிச்சமே போதும். இடது தோளில் துவைத்துத் துவைத்து நைந்த ஒரு துண்டு, துண்டின்மேல் மகள், மகளுடைய பொடனியைத் தாங்கி ஒரு கை, முதுகில் இன்னொரு கை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இன்னும் பேர் வைக்கவில்லை, இப்போதைக்குப் பாப்பாதான். அட, என்ன முதுகு சாமி இது! உள்ளங்கையை விரித்தால் முழுசாக மூடிப்போகிறது. கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரை நகர்த்துகிற கை, ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன கை, அந்தக் கையால் இந்த முதுகை எப்படித் தட்டுவது? மெதுவாகத் தட்டினால் காற்று கிளம்பாது. பலமாகத் தட்ட மனசு வராது. ஒரு தட்டு, ஒரு தடவல். ஒரு தட்டு, இரண்டு தடவல். பாப்பா முக்குகிறாள், உடம்பை விறைக்கிறாள், காலை மடக்கி அவன் நெஞ்சில் உதைக்கிறாள், முகம் செக்கச் செவேல் என்று ஆகிறது, உள்ளே கொடகொடவென்று ஏதோ ஓடுகிறது, இதோ, இதோ வந்துவிட்டது, பூபதியின் வாய் தானாகத் திறக்கிறது, அவனுக்கே ஏப்பம் வரப்போகிற மாதிரி. வரவில்லை. இறங்கிப் போய்விட்டது. பரவால்ல சாமி, அப்பன் எங்கியும் போகல, வெடியறவரைக்கும் இங்கதான் நிக்கறேன். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சுக்குள் ஒரே துள்ளல், பயமும் சந்தோஷமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. ராத்திரி முச்சூடும் இவள் அவனிடம்! இப்படி ஒரு வேலையை அவனை நம்பி இதுவரைக்கும் யாரும் கொடுத்ததில்லை.

உள் அறையில் கோகிலா தூங்குகிறாள். தூங்குகிறாளா? ஒரு காதை எப்போதும் அந்தக் கதவுப் பக்கமே வைத்திருக்கிறான். மூச்சு சீராகத்தான் வருகிறது. தூங்கட்டும், தூங்கியே ஆகவேண்டும், ஏனென்றால் நாளைக் காலைக்கு மரகதம் அக்கா கெடு வைத்துவிட்டாள். அக்கா இப்போது முன் அறையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள், அவனைவிடப் பத்து வயது மூத்தவள், கோகிலாவுக்கு அம்மா இல்லை என்று பிரசவத்துக்கு ஒத்தாசையாக அன்னூரிலிருந்து இந்தக் கணபதி ஏரியாவுக்கு வந்து, வந்த நாளிலிருந்து பத்தியச் சோறும் பூண்டுக் குழம்புமாக இந்த ரெண்டு ரூம் வீட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறவள். அவளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போய்ப் பவுடர் பால் டப்பா ஒன்றை வாங்கிவந்து அடுப்படித் தட்டில் டப்பென்று வைத்துவிட்டாள். "கண்ணு, நான் உன்னக் குத்தம் சொல்லல. உனக்குப் பால் பத்தல, இருக்கற பாலும் புள்ள வயித்துல தங்கல. நாளைக்கு வெடியால இதக் கரைச்சுக் குடுத்துர்றேன். என்ற புள்ளைக ரெண்டும் இதுலதான் வளந்துச்சுக, இப்ப கல்லாட்டம் இருக்குதுக." கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். ராத்திரி அறைக்குள் வந்ததும் பூபதியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, எனக்கு இந்த ஒரு ராத்திரி குடுங்க. கண்ணு மூடி ஒரு வாரமாச்சு. சேந்தாப்ல கொஞ்சம் தூங்குனா பால் வந்துரும்னு தோணுது. வரலீன்னா உங்கக்கா சொல்ற மாதிரியே செஞ்சுக்கலாம், நான் ஒண்ணும் பேசமாட்டேன். அழுதா எழுப்புங்க. அழுவாட்டி எழுப்பாதீங்க." டப்பாப் பால் என்ன விஷமா? இல்லை. தேவைப்பட்டால் தரலாம் என்று டாக்டரம்மாவே சொன்னார்கள். ஆனால் கோகிலாவுக்கு இது ஒன்று வேண்டும். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், அதிலேயே அவள் பாதி உடைந்துபோனாள், பெக்கத்தான் முடியல, இதாவது என்னால முடியோணும் என்று இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆசை நாளைக் காலையோடு முடியப்போகிறது, பூபதியின் தோளில் கிடக்கிற இந்த இத்தனூண்டு வயிறு கொஞ்சம் மனசு வைத்தாலொழிய. மனசு வை சாமி. அப்பனுக்காக வேண்டாம், உங்கம்மாவுக்காக வை.

அது மனசு வைத்த லட்சணம், தோளில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. துண்டைத் தாண்டி, பனியனைத் தாண்டி, முதுகுத் தண்டு வழியாக ஓடி இடுப்பு வேட்டியில் போய் நின்றது. புளிப்பு வாசனை. தயிரும் அல்லாத பாலும் அல்லாத ஒரு வாசனை, இந்த வீடே இப்போது அந்த வாசனைதான், அவன் வேலைக்குப் போகும்போதுகூடச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிறது, கிரீஸ் நாற்றத்துக்கு நடுவில் திடீரென்று மூக்கில் ஏறும்போது எங்கே நிற்கிறோம் என்றே மறந்துபோகிறது. போச்சு! இவ்வளவு குடித்தாளே, இவ்வளவும் போச்சே! அவசரமாக அவளைத் தோளிலிருந்து எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து மூக்கைப் பார்த்தான். மூக்கில் வரவில்லை. நல்லவேளை. போன வாரம் மூக்கில் வந்ததே, அன்றைக்குக் குழந்தை ஒரு நொடி மூச்சுக்குத் தவித்தாள், கோகிலா கத்தினாள், அக்கா குப்புறத் திருப்பி முதுகில் தட்டினாள், அவன் மட்டும் கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்றான், அந்தத் தண்ணீர் யாருக்கு, எதற்கு என்று இன்றைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. உடனே வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறாள் என்று கேட்டார்கள், அப்புறம் நிதானமாகச் சொன்னார்கள். "எடை நல்லா ஏறுது, பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. வயித்தோட வாய் இன்னும் இறுகல, அதனால குடிச்சது மேல வருது, போகப் போகச் சரியாயிரும். குடிச்சதும் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடிச்சுக்குங்க, தூங்க வைக்கறப்ப மட்டும் சமமான இடத்துல மல்லாக்கப் போடுங்க. ஆனா..." அந்த ஆனாவில்தான் பூபதி குதித்தான். "புட்வால்வுங்க டாக்டர்!"

அட, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! கல்யாணமானதிலிருந்து, கோகிலா முழுகாமல் இருந்ததிலிருந்து, பாப்பா பிறந்ததிலிருந்து எல்லாரும் அவனுக்குத் தெரியாத பாஷையிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள், ஸ்கேன் என்றார்கள், தலை திரும்பவில்லை என்றார்கள், சீம்பால் என்றார்கள், அவன் எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்று தலையாட்டிக்கொண்டு பைக்குள் காசைத் துழாவிக்கொண்டு நின்றான். முதன்முதலாக ஒரு விஷயம், அவனுக்குத் தெரிந்த விஷயம்! கிணற்றுக்குள் விடுகிற குழாயின் அடியில் புட்வால்வு என்று ஒன்று இருக்கும், மேலே ஏறின தண்ணீரைத் திரும்பக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது அதுதான், அது தேய்ந்துபோனால் தண்ணீர் நிற்காது, குழாய் காலியாகும், மோட்டார் வெறுமனே சுற்றும். இது தலைகீழ், அவ்வளவுதான்! அங்கே கீழே இறங்குகிறது, இங்கே மேலே ஏறுகிறது! டாக்டரம்மாவிடம் கையை ஆட்டி ஆட்டி இதைச் சொன்னான், அவர்களும் சிரித்துக்கொண்டே கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார்கள், அந்தக் கிட்டத்தட்ட போதாதா நம்ம ஆளுக்கு. வீட்டுக்கு வந்ததும் பெரிய மெக்கானிக் ஆகிவிட்டான். புட்வால்வு பிடிக்காத குழாய்க்கு என்ன செய்வார்கள்? மேலே இருந்து தண்ணீர் ஊற்றி நிரப்புவார்கள். இறங்க இறங்க ஊற்றுவார்கள். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு பகல் முழுக்கக் குடம் குடமாக ஊற்றினான், ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது, தோட்டக்காரர் போதும் விடப்பா என்றார், விடவில்லை, பொழுது சாயச் சாய மோட்டாரைப் போட்டதும் குழாய் ஒரு தடவை இருமியது, அப்புறம் பாருங்கள், வாய்க்கால் நிறையத் தண்ணீர்! அதே கணக்குத்தான் இங்கேயும். பாப்பா கக்கினால் உடனே கோகிலாவிடம் நீட்டுவான். போனது போச்சு, மறுபடி ஊத்து. "இப்பத்தானுங்க குடிச்சா." "குடிச்சதுதான் வெளிய வந்துருச்சே, வயிறு காலியா இருக்கும்ல? ஊத்து." அவளும் ஊற்றினாள். ராத்திரி, பகல், சோற்றில் கையை வைத்த நேரம், குளிக்கப் போன நேரம், எப்போது பார்த்தாலும் மடியில் குழந்தை. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. ஊற்றினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இறங்கியது. ஊற்றினாள். பூபதிக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது, விடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று.

இப்போதும் கால் அப்படித்தான் போகிறது, பழக்கம் பாருங்கள், கக்கின குழந்தையைத் துடைத்துவிட்டு நேராக உள் அறைக் கதவுக்குப் போய் நின்றுவிட்டான். எழுப்பவேண்டும். வயிறு காலி. ஊற்றவேண்டும். கதவிடுக்கில் கோகிலாவின் கால் மட்டும் தெரிகிறது, வீங்கின பாதம், ஒரு மெட்டி, அது அசையவே இல்லை, அப்படி ஒரு தூக்கம். அழுதா எழுப்புங்க என்றாள். பாப்பா அழுகிறாளா? சிணுங்குகிறாள். சிணுங்கல் அழுகையாகுமா? சிணுங்கல் முற்றினால் அழுகை. முற்றவில்லையே. வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், பசியாக இருக்குமோ? மூக்கால் அவன் கழுத்தைத் தேடுகிறாள், தாடி குத்தியதும் சுளிக்கிறாள், மறுபடி தேடுகிறாள். அடக் கெரகமே, அப்பங்கிட்ட என்ன இருக்குது சாமி, வெறும் ரோமம்தான் இருக்குது! எழுப்பிவிடலாமா? எழுப்பினால் அவளுடைய தூக்கம் போகும், தூக்கம் போனால் பால் வராது, பால் வராவிட்டால் காலையில் டப்பா. எழுப்பாவிட்டால் குழந்தை பட்டினி கிடந்து, பட்டினி கிடந்து என்னவாகும்? ஐயோ, மயங்கிவிடுவாளோ? அந்த நினைப்பு வந்ததும் அவளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் அகலத் திறந்து, நெற்றியில் கிழவியைப்போலச் சுருக்கம் விழ, யாரடா நீ என்று கேட்கிற பார்வை. மயக்கமா? இவளுக்கா? வாயோரம் ஒரு குமிழி விட்டாள். சரி, ஒரு சுற்று நடந்துவிட்டு எழுப்பலாம். அடுப்படியிலிருந்து பின்வாசல், பின்வாசலிலிருந்து அடுப்படி. இன்னொரு சுற்று நடந்துவிட்டு எழுப்பலாம். உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் கண் சொருகிவிடும், குழந்தை நழுவிவிடும், உட்காரவே கூடாது. ஏதாவது பாடலாம் என்றால் அவனுக்குப் பாட்டு வராது, தெரிந்ததெல்லாம் மோட்டார்ச் சத்தம்தான், சரி அதையே, உதட்டை மூடிக்கொண்டு, அடி நெஞ்சிலிருந்து, ம்ம்ம்ம்ம் என்று நல்ல பேரிங் போட்ட மோட்டார் எப்படி ஓடுமோ அப்படி ஒரே சுருதியில். பாப்பாவின் கால் உதைப்பு நின்றது. அட! இன்னும் கொஞ்சம். ம்ம்ம்ம்ம். இறுக்கி வைத்திருந்த கை விரல் ஒவ்வொன்றாக விரிகிறது, அவன் நெஞ்சு அதிர்கிற அதிர்வு அவள் வயிற்றுக்குள் போகிறது போலிருக்கிறது, விறைத்த முதுகு மெல்ல மெல்ல இளகி அவன்மேல் படிகிறது, படிகிற நேரத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், காதுக்குப் பக்கத்தில்,

ஏவ்!

வந்துவிட்டது! என்ன ஏப்பம் சாமி அது! கல்யாணப் பந்தியில் நாலாவது தடவை பாயசம் வாங்கிக் குடித்த பெரியவர் விடுகிற ஏப்பம்! இத்தனூண்டு உடம்புக்குள் இத்தனை காற்று எங்கே இருந்தது? பூபதிக்குக் கத்தவேண்டும் போலிருந்தது, அக்காவை எழுப்பவேண்டும், கோகிலாவை எழுப்பவேண்டும், லைன் வீட்டில் வரிசையாக இருக்கிற எல்லாக் கதவையும் தட்டி, என்ற மக ஏப்பம் விட்டுட்டா, எந்திரிச்சு வாங்க என்று சொல்லவேண்டும். ஒன்றும் செய்ய முடியாமல் இருட்டிலேயே இரண்டு எட்டு ஆடினான், குழந்தையின் தலையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டுதான். உடனே பயம். ஆட்டக்கூடாது, மேலே வந்துவிடும். நின்றான். நிமிர்த்தியே பிடித்துக்கொண்டான். இப்போது படுக்கப் போடவும் மாட்டான், அவசரமே இல்லை. மூச்சு கழுத்தில் படுகிறது, வரும், போகும், நடுவில் ஒரு நொடி நிற்கும், அந்த நொடியில் பூபதிக்கும் எல்லாம் நிற்கும், மறுபடி வரும். கண் மூடிவிட்டாள். தூங்குகிறாள். கழுத்தைத் தேடுகிற அந்த மூக்கு இப்போது தேடவில்லை. வாய் திறந்து கிடக்கிறது, எதையும் கேட்கவில்லை. கக்கி எவ்வளவு நேரமாயிற்று? நல்ல நேரமாயிற்று. வயிறு காலியாக இருந்தால் இப்படித் தூங்குவாளா? தூங்கமாட்டாளே. அப்படியென்றால் காலி இல்லை. கக்கினது எல்லாம் பாலும் இல்லை, எல்லாப் பாலும் கக்கவும் இல்லை. தேடினது பசிக்கு இல்லை, உள்ளே ஏதோ எரிந்திருக்கிறது, காற்று அடைத்திருக்கிறது, தூக்கிவைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது. அப்படியென்றால், அடடா, அப்படியென்றால்! டாக்டரம்மாவின் முகம் இருட்டில் எழுந்து வந்தது. அந்த ஆனா. அவன் புட்வால்வு என்று குதித்ததும் அவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டு வாக்கியத்தை முடித்தார்கள், அவன் குழாயையும் குடத்தையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான், அவர்கள் அவனை விட்டுவிட்டுக் கோகிலாவின் பக்கம் திரும்பி, உள்ளங்கையை இப்படி நிறுத்திக் காட்டி என்னவோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள்? ஆனா, ஆனா என்ன? உள்ளங்கையை நிறுத்தினால் நிறுத்து என்று அர்த்தம். எதை? காதில் விழாமல் இல்லை, விழுந்தது, எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தது, இப்போது பாப்பாவின் மூச்சுக்கு நடுவில் அது தானாக எழுந்து வந்தது. ஆனா கக்கின உடனே மறுபடி குடுக்காதீங்க, நெறைய நெறைய மேல வரும், அடுத்த பசிக்கு அவளே கேப்பா.

பூபதி சுவரில் சாய்ந்தான். அடப் பாவி. நிறைந்த குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான், ஊற்ற ஊற்ற வழியும், வழிய வழிய ஊற்றச் சொல்லியிருக்கிறான், கோகிலாவும் ரத்தம் கசியக் கசிய. பாப்பாவுக்கும் வயிற்றில் எரிச்சல், அவளுக்கும் தூக்கமில்லை. பால் பத்தவில்லை என்று அக்கா சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டாளே கோகிலா, அந்தக் குனிவுக்கு அவன் அல்லவா காரணம்! தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையும் காலியில்லை. வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கம், ஆனால் பாருங்கள் இந்த மனசை, வெட்கத்துக்குப் பின்னாலேயே சந்தோஷம் முண்டியடித்துக்கொண்டு வருகிறது. ஏனென்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை! குழந்தைக்கும் ஒன்றுமில்லை, கோகிலாவுக்கும் ஒன்றுமில்லை, கெட்டுப்போனது அவனுடைய கணக்கு மட்டும்தான். ஊற்றாமல் இருந்தால் போதும், தூக்கி வைத்துக்கொண்டால் போதும், அதற்குத்தான் இரண்டு கை இருக்கிறதே, எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் நிற்பான். நின்றான். கால் மரத்தது, மாற்றி நின்றான். கொசு கடித்தது, கடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான், இவளிடம் வந்தால் மட்டும் வாயால் ஊதி விரட்டினான். பின்வாசலில் கறுப்பு கொஞ்சம் வெளுத்தது. மெயின் ரோட்டில் முதல் பஸ் போகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து குடத்தை வைத்தார்கள். அப்போது பாப்பா நெளிந்தாள். கண் திறக்காமலே கையை வாய்க்குள் திணித்தாள், சப்பினாள், ஒன்றும் வராத கோபத்தில் முகத்தைச் சுருக்கி, வாயை அகலத் திறந்து, அழுதாள் பாருங்கள் ஒரு அழுகை! இது வேறு அழுகை! முக்கல் இல்லை, விறைப்பு இல்லை, காலை மடக்கவில்லை, இது தெளிவான, உரிமையான, எனக்குக் குடு என்கிற அழுகை. இத்தனை நாளும் இந்த அழுகையை அழவிட்டதே இல்லையே நாங்கள், அதற்கு முன்னாலேயே வாயை அடைத்துவிட்டோமே! பசிக்குதா சாமி? நெசமாலுமே பசிக்குதா? பூபதி சிரித்துக்கொண்டே உள் அறைக்கு ஓடினான்.

அவன் கதவைத் தள்ளுவதற்குள் உள்ளே கோகிலா அலறினாள். "ஏனுங்க! ஏனுங்க, இங்க வாங்க, என்னமோ ஆயிருச்சு!" எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஈரமா இருக்குது, எல்லாம் ஈரமா இருக்குது, ரத்தமான்னு பாருங்க, தையல் விட்டுப்போச்சா பாருங்க." பூபதி முழங்கையால் சுவிட்சைத் தட்டினான். நைட்டியின் முன்பக்கம் முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, படுக்கை விரிப்பில் அவள் ஒருக்களித்துக் கிடந்த இடத்தில் பெரிய வட்டம், தலையணை ஓரம்கூட ஈரம். ரத்தமில்லை. குழந்தை மறுபடி வீறிட்டாள், அவள் வீறிட வீறிட நைட்டியின் ஈரம் இவன் கண்ணெதிரேயே இன்னும் அகலமாகப் பரவியது. கோகிலா குனிந்து தன்னையே பார்த்தாள். தொட்டு, விரலை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். "பாலுங்க," என்றாள், யாரோ வேறொருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. "இத்தனையும் எனக்கா வந்துச்சு?" குழந்தையை வாங்கி மடியில் போட்டதுதான் தெரியும், கடகடவென்று விழுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது, இரண்டு வாய்க்கு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, கடைவாயில் வழிய வழிய. "மெதுவா கண்ணு, மெதுவா, எங்கியும் ஓடிராது," என்றாள் கோகிலா, சிரிப்பும் அழுகையுமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பூபதி கட்டில் பக்கத்தில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தான். "கோகி, தப்பு பூரா என்றதுதான். கக்குனா உடனே குடுக்கக்கூடாதாம். டாக்டரம்மா அன்னைக்கே சொல்லியிருக்காங்க, நான்தான் காதுல வாங்கல." கோகிலா குழந்தையின் நெற்றியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "நான் சொன்னேனுங்க. ரெண்டு தடவை சொன்னேன். நீங்க குழாய், குடம், தண்ணின்னு அவ்வளவு சந்தோசமாப் பேசுனீங்க, எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நாமதான் தப்பாக் கேட்டமோன்னு." பூபதி அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் பொறுக்க முடியவில்லை. துள்ளி எழுந்தான். "அக்கா! அக்கா, எந்திரிச்சு வா! வந்து பாரேன்!" அவன் போட்ட சத்தத்துக்கு மரகதம் அவிழ்ந்த கொண்டையோடு, பாயில் கால் தடுக்கி, "என்னடா ஆச்சு, புள்ளைக்கு என்னடா?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "புள்ளைக்கு ஒண்ணுமில்ல, பாலு! பால் பத்தலன்னியே, பாரு, விரிப்பெல்லாம் நனைஞ்சு கெடக்குது பாரு!" என்று அவன் ஏதோ தானே கறந்து வைத்த மாதிரி கையை நீட்டிக் காட்டினான். மரகதம் நிலைப்படியிலேயே நின்று பார்த்தாள். குழந்தை விழுங்குகிற சத்தத்தைக் கேட்டாள். அவன் எதிர்பார்த்த மாதிரி அவள் ஆச்சரியப்படவும் இல்லை, அடடா என்று கன்னத்தில் கையை வைக்கவும் இல்லை. "அவ தூங்குனாளா?" என்றாள். "ராத்திரி பூரா." "அப்ப புள்ள?" "நான் வெச்சிருந்தேன்." "பூராமா?" "ஆமா. நின்னுக்கிட்டே." மரகதம் மெல்ல வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஈரமான விரிப்பின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள், எடுக்கவில்லை. "எனக்கும் வந்திருக்கும்டா," என்றாள். அவனைப் பார்க்காமல், "என்ற ரெண்டு புள்ளைகள்ல ஒண்ணையாச்சும், ஒரே ஒரு ராத்திரி, யாராச்சும் தூக்கி வெச்சிருந்தா எனக்கும் வந்திருக்கும்," என்றாள். கோகிலா ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டி, "இப்படி என்ற பக்கத்துல வந்து உக்காருங்க அண்ணி," என்று அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.